ஒரு சம்பளத்தில் கட்டிய வீடு: யாழ்ப்பாணத்துக் குடும்ப வருமானமும் ஏற்றத்தாழ்வும்

கோப்பாயிலிருந்து ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எழுபதுகளில் என் தந்தை ஆசிரியராக இருந்தார். ஒரே சம்பளத்தில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார், கல்வீடும் கட்டினார். இன்று நானும் மனைவியும் அரச உத்தியோகத்தில் இருக்கிறோம். அந்த வீட்டுக்கு ஓர் அறை கூட்டிக் கட்ட முடியவில்லை. ஆனால் குடும்ப வருமானம் கூடிவிட்டது, வறுமை குறைந்துவிட்டது என்றே அறிக்கைகள் சொல்கின்றன. எது உண்மை?" மேலோட்டமாகப் பார்த்தால் வருமானம் கூடியதா குறைந்ததா என்ற கேள்வியாகத் தோன்றும். கூடிய வருமானம் யாரிடம் போய்ச் சேர்ந்தது, சம்பளத்தை நம்பிய குடும்பம் தன் பழைய இடத்தை ஏன் இழந்தது என்பதையே அவர் உண்மையில் அறிய விரும்புகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். அறிக்கைகளும் பொய் சொல்லவில்லை, அவருடைய அனுபவமும் பொய்யில்லை. இரண்டும் வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன.

நான் புள்ளிவிபரவியல் பயின்றவன். குடாநாட்டிலும் வன்னியிலும் வீட்டு வருமான ஆய்வுகளில், முதலில் வினாக்கொத்துடன் படலை படலையாகச் சென்றவனாகவும், பின்னர் பிறர் நிரப்பிக் கொண்டுவந்த தாள்களைச் சரிபார்த்தவனாகவும் பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். அதனால் ஓர் எண்ணைக் காணும்போது அது எந்தத் திண்ணையில், யாருடைய வாயிலிருந்து வந்திருக்கும் என்றும் யோசிக்கப் பழகிவிட்டேன். கீழே எழுதுவதில் அச்சிட்ட அளவீடுகளிலிருந்து எடுத்தவை எவை, என் சொந்தக் கணிப்பு எவை என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிச் செல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்கலாம். நீண்டகால வருமானப் பங்கீட்டைப் பார்க்க இலங்கையிடம் ஆசியாவின் பல நாடுகளிடம் இல்லாத பழைய அளவீடுகள் இருக்கின்றன. மத்திய வங்கி தன் நுகர்வோர் நிதி ஆய்வை 1953இல் தொடங்கி, இடைவெளி விட்டு விட்டு 2003/04 வரை நடத்தியது. ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் சொல்லப் பயன்படும் ஜினி குணகம், எல்லோருக்கும் சம வருமானம் என்றால் 0, எல்லா வருமானமும் ஒருவரிடம் என்றால் 1. அந்த ஆய்வுகளின்படி, செலவு செய்யும் அலகுகளுக்கிடையிலான (ஒரு வீட்டுக்குள் தம் செலவைத் தாமே தீர்மானிக்கும் ஒருவரோ சிலரோ ஓர் அலகு) ஜினி 1953இல் 0.46, 1963இல் 0.45, 1973இல் 0.35, 1981/82இல் மீண்டும் 0.45. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் தனியாக நடத்தும் வீட்டு வருமான செலவு அளவீட்டில் வீட்டு வருமானத்தின் ஜினி 2009/10இல் 0.49, 2012/13இல் 0.48, 2016இல் 0.45, 2019இல் 0.46. இரண்டு தொடர்களையும் ஒரே கோட்டில் ஒட்டி வரையக்கூடாது. ஒன்றில் அலகு வேறு, வருமானத்தின் வரையறையும் வேறு. இருந்தாலும், எழுபதுகளின் அந்த ஒரு பள்ளத்தைத் தவிர, இந்த நாட்டின் ஏற்றத்தாழ்வு அறுபது எழுபது ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கிறது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. வருமானம் வளர்ந்தது, பங்கு பெரிதாக மாறவில்லை.

அந்த 1973ஆம் ஆண்டுப் பள்ளம் யாழ்ப்பாணத்தவர் கூர்ந்து பார்க்கவேண்டிய ஒன்று, ஏனெனில் கேள்வி கேட்டவரின் தந்தை வீடு கட்டிய காலமும் அதுவே. கூப்பன் அரிசி, 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் வயலுக்கு 25 ஏக்கரும் ஏனைய நிலத்துக்கு 50 ஏக்கரும் என விதித்த உச்சவரம்பு, இறக்குமதிக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்து மேலே இருந்தவர்களைக் கீழே இறக்கின. பாணுக்கு வரிசையில் நின்ற அதே காலத்தில், வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரர் முன்னெப்போதும் காணாத விலை பெற்றார். வெங்காயக் காசில் எழும்பிய கல்வீடுகளை அச்சுவேலியிலும் உரும்பிராயிலும் இன்றும் காட்டுவார்கள். 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு சந்தையைத் திறந்துவிட்டதும் அந்த விலை போய்விட்டது. நாடு முழுவதற்கும் நோக்கினால் 1973இன் சமத்துவத்தில் ஒரு பகுதி உண்மையான மாற்றம். இன்னொரு பகுதி, உச்சவரம்புக்கு அஞ்சி வசதி படைத்தோர் வருமானத்தைக் குறைத்துச் சொன்னதால் தாளில் மட்டும் தோன்றிய சமத்துவம் என்பது என் கணிப்பு. எந்த அளவுக்கு எது என்று பிரித்துக் காட்ட அந்தத் தரவில் வழியில்லை.

இனி ஒரு பெரிய ஓட்டை. 1990/91, 1995/96, 2002 ஆகிய ஆண்டுகளில் திணைக்களம் நடத்திய அளவீடுகளில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. 2009/10இல் யாழ்ப்பாணமும் வவுனியாவும் வந்தன. மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு வரவில்லை. நாடு முழுவதையும் உள்ளடக்கிய அளவீடு 2012/13இலேயே கிடைத்தது. ஆகவே காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை நின்றபோதும், 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோதும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோதும், 2006 ஓகஸ்ட் முதல், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டு ஒரு கிலோ சீனிக்கு அலைந்தபோதும் எங்கள் குடும்பங்களின் வருமானம் என்னவாயிற்று என்பது எந்தத் தேசிய வரைபடத்திலும் இல்லை. "கடந்த நாற்பது ஆண்டுகளில் இலங்கையின் வருமானப் போக்கு" என்று யாராவது ஒரு கோடு வரைந்து காட்டினால், அக்கோட்டின் நடுப்பகுதியில் நாங்கள் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அதைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் எழுதப்படும் கட்டுரைகளைக் காணும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

இன்னும் ஒன்று உண்டு. 1981இல் இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 7 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2012இல் எண்ணப்பட்டோர் ஏறக்குறைய 5 இலட்சத்து 83 ஆயிரம். இயல்பான பெருக்கத்தையும் கணக்கில் எடுத்தால் வெளியேறியவர்களின் தொகை அந்த வித்தியாசத்திலும் மிகப் பெரியது. வெளியேறியவர்களில் வழிச்செலவுக்கு விற்கக் காணியோ நகையோ இருந்தவர்களே ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அவ்வளவு இயலாதவர்கள் இந்தியாவுக்குப் படகேறினார்கள், அதுவும் இயலாதவர்கள் வன்னிக்கோ முகாமுக்கோ போனார்கள். முன்னும் பின்னும் ஒரே ஊரை அளந்தாலும் அளக்கப்படும் மக்கள் ஒரே மக்கள் அல்லர்.

போருக்குப் பிந்திய எண்களுக்கு வருவோம். நாட்டின் சராசரி வீட்டு மாத வருமானம் 2016இல் 62,237 ரூபா, 2019இல் 76,414 ரூபா. பத்திரிகைகள் இந்தச் சராசரியைத்தான் தலைப்பாகப் போடும். எல்லா வீடுகளையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தி நட்டநடுவில் நிற்கும் வீட்டைக் கேட்டால், அதாவது இடையத்தைப் பார்த்தால், 2016இல் 43,511 ரூபா, 2019இல் 53,333 ரூபா. சராசரிக்கும் நடுவீட்டுக்கும் இடையே 2019இல் 23,000 ரூபாவுக்கு மேல் வித்தியாசம். 2016இன் அளவீட்டில் வருமானத்தில் மேலே உள்ள 20 வீதமான வீடுகள் மொத்த வருமானத்தில் பாதிக்குச் சற்று அதிகமாகவும், கீழே உள்ள 20 வீதமான வீடுகள் 5 வீதத்துக்கும் குறைவாகவும் பெற்றன. நடுவில் நிற்கும் வீடு மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 ரூபா கூடுதலாகப் பெற்றது உண்மை. அதே மூன்று ஆண்டுகளில் விலைகளும் 15 வீதத்துக்கு மேல் ஏறியதால் மெய்யான உயர்வு ஆண்டுக்கு 2 வீதத்தை ஒட்டியே இருந்தது. உங்கள் வீட்டை ஒப்பிடவேண்டியது இடையத்துடன், அதுவும் தலைக்கு வகுத்துப் பார்த்து. உங்கள் தந்தையின் காலத்தில் ஒரு வீட்டில் சராசரியாக 5 பேரளவில் இருந்தார்கள். 2019இல் நாலுக்கும் குறைவு. வீட்டு வருமானம் அப்படியே நின்றிருந்தாலும் தலைக்குரிய பங்கு கூடியிருக்கும்.

இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதைச் சிறிது விரிவாகச் சொல்வது பயன்தரும் என்று நினைக்கிறேன். பருத்தித்துறைப் பக்கத்தில் ஒரு கடற்றொழிலாளர் வீட்டில் "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டபோது, வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து, "தம்பி, ஒரு மாசம் வரும், ஒரு மாசம் எண்ணெய்க் காசும் வராது. நீர் எந்த மாசத்தை எழுதப்போறீர்?" என்றார். வினாக்கொத்தில் அதற்கு இடமுண்டு: கடந்த மாதம் என்ன வந்தது, பருவத் தொழிலென்றால் ஆண்டில் என்ன வந்தது, செலவு என்ன என்று பிரித்துக் கேட்போம். ஆனால் சோளகக் காலமும் வாடைக் காலமும் தொழிலை வெவ்வேறாக்கும் ஊரில், படகும் வலையும் கொடுக்கும் சம்மாட்டியிடம் பட்ட கடனைப் பிடித்த மீனில் கழிக்கும் முறை நிலவும் இடத்தில், தாளில் விழும் எண் ஒரு மதிப்பீடே. சம்பளக்காரர் வீட்டில் ஐந்து நிமிடத்தில் முடியும் பக்கம் இங்கே ஒரு மணித்தியாலம் எடுக்கும். அப்படியும் முதலாவது எண்ணை நம்புமளவுக்கு இரண்டாவதை நான் நம்புவதில்லை. மறுபக்கத்தில், சொந்த வீட்டில் வாழ்வோருக்கு அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தால் என்ன கொடுத்திருப்பார்களோ அந்தத் தொகையும், வளவில் காய்த்த தேங்காயும் முருங்கைக்காயும் உண்ட பெறுமதியும் வருமானமாகச் சேர்க்கப்படும். கோட்பாட்டளவில் அது சரியானது. ஆனால் கனடாவில் இருக்கும் மகன் கட்டிக்கொடுத்த இரண்டு மாடி வீட்டில் தனியே இருந்து, முன் அறையில் மட்டும் விளக்கெரிக்கும் அம்மாவுக்கு அந்த வீட்டின் வாடகைப் பெறுமதியும் வருமானமாகவே பதியும். அது கையில் வராத காசு. அரிசி வாங்க உதவாது.

இப்போது கேட்டவரின் தந்தை கட்டிய வீட்டுக்கு வருகிறேன். அந்த வீடு சம்பளத்தால் மட்டும் எழும்பியிருக்காது என்பது என் அனுமானம். இங்கே பல வீடுகளின் அடிநிலம் சீதனமாகவோ முதுசமாகவோ வந்தது. காணிக்குக் காசு கொடுத்து வீடு கட்டத் தொடங்கியவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. சுண்ணக்கல்லும் பனைமரமும் ஊரிலேயே கிடைத்தன, சீமெந்து காங்கேசன்துறையிலிருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேசனுக்கும் கூலியாளுக்கும் கொடுத்த நாட்கூலி ஆசிரியரின் ஒரு நாள் சம்பளத்தோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது. அந்தக் கூலி அவ்வளவு சிறியதாக இருந்ததில் சாதிக்கும் பங்குண்டு. வேறு வேலைக்குப் போகும் வழி அடைக்கப்பட்டிருந்தவர்கள் பேரம் பேச முடியாது. போருக்குப் பின் மீள்கட்டுமானம் தொடங்கியதும், இளையவர் பலர் ஏற்கெனவே வெளியேறியிருந்ததால், கைத்தொழில் தெரிந்த மேசனுக்கும் தச்சருக்கும் கூலி ஏறியது. நான் சென்ற வீடுகளில் மாதத்தில் இருபது நாள் வேலை கிடைத்த மேசன் ஒருவரின் வருமானம் அடுத்த ஒழுங்கையில் இருந்த ஆசிரியரின் சம்பளத்தை எட்டியதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே உங்களால் அறை கட்ட முடியாமல் போனதன் ஒரு காரணம், உங்களுக்குக் கீழே இருந்த ஒருவர் உங்களை நெருங்கி வந்ததே. உங்கள் இடம் இறங்கியதால் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு கூடியது என்று முடிவுசெய்ய முடியாது. இந்த ஒரு விடயத்தில் அது குறைந்திருக்கிறது. இதைச் சொல்லுவது உங்கள் கஷ்டத்தைச் சிறுமைப்படுத்த அல்ல. அரச சம்பளம் நீண்டகாலம் விலைவாசிக்குப் பின்னால் இழுபட்டு வந்ததும் அதே அளவு உண்மை: அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்தான் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்குக் கட்டம் கட்டமாக உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய மூன்றாண்டுகளில் விலைகள் மிகப் பெரிதாக ஏறியிருந்தன.

அப்படியென்றால் இடைவெளி எங்கே பெருத்திருக்கிறது? என் கணிப்பில், யாழ்ப்பாணத்தின் ஏற்றத்தாழ்வு இன்று உழைப்பின் ஊதியத்தில் இருப்பதைவிட, உழைப்பு நின்றால் என்ன மிஞ்சும் என்பதில்தான் அதிகமாக இருக்கிறது. வெளிநாட்டில் ஒரு சகோதரர், ஓய்வூதியம் உள்ள உத்தியோகம், பெயரில் உறுதி உள்ள காணி: இவற்றில் ஒன்றாவது உள்ள வீடும் ஒன்றுமே இல்லாத வீடும் ஒரே மாத வருமானத்தைச் சொல்லலாம், ஒரு விபத்தோ ஒரு சத்திரசிகிச்சையோ வந்தால் முதலாவது வீடு தொலைபேசியை எடுக்கும், இரண்டாவது வீடு தோட்டை அடகு வைக்கும், அடுத்ததாக நுண்கடன் கம்பனியிடம் போகும். ஜினி குணகம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, ஏனெனில் அது மாதந்தோறும் வரும் வருமானத்தை மட்டும் எடுக்கிறது, சேர்த்துவைத்த சொத்தை எடுப்பதில்லை.

2022ஆம் ஆண்டு இதைக் கண்ணெதிரே காட்டியது. அந்த ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஆண்டுக்கு 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கு 94.9 வீதம். நாட்கூலியில் வாழ்ந்தவரின் மெய்வருமானம் பெரிதும் இறங்கியது. அதே மாதங்களில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. கனேடிய டொலரும் பவுண்சும் யூரோவும் கூடவே ஏறின. ஆகவே ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வங்கி வழியாகவும், வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியல் வழியாகவும் மாதாமாதம் பணம் வந்த வீட்டுக்கு, ஏறிய விலையில் பெரும்பகுதியை ஏறிய நாணயமாற்றே ஈடுசெய்தது. ஒரே வேலியின் இரு பக்கத்திலும் இருந்த இரு வீடுகளில் ஒன்று ஏறக்குறைய நின்ற இடத்தில் நின்றது, மற்றது மூன்று வேளையை இரண்டாக்கியது. காணி விலையிலும் இதே கதைதான். வெளிநாட்டு உழைப்போடு போட்டிபோட்டு உள்ளூர்ச் சம்பளத்தில் நாலு பரப்புக் காணி வாங்குவது நல்லூரிலும் கோண்டாவிலிலும் இனி நடவாத காரியம். அதனால் முதுசம் இல்லாதவருக்கு முதுசம் தேடிக்கொள்ளும் வழியும் அடைபட்டுவிட்டது.

வறுமை எண்களைக் கையாள்வதில் மிகுந்த கவனம் வேண்டும். 2016இல் நாட்டின் வறுமை 4.1 வீதம், யாழ்ப்பாண மாவட்டத்தில் 7.7 வீதம், கிளிநொச்சியில் 18.2 வீதம். 2019இல் நாட்டின் எண் 14.3 வீதம். மூன்று ஆண்டுகளில் வறுமை மூன்று மடங்கானது என்று எழுதியவர்களும் உண்டு, அது பிழை. இடையில் வறுமைக்கோடே புதிதாக வரையப்பட்டது, தலைக்கு மாதம் 6,966 ரூபா என்ற உயரத்தில். பழைய கோட்டின் எண்ணையும் புதிய கோட்டின் எண்ணையும் அருகருகே வைக்கக்கூடாது. அடுத்தது மாவட்ட எண்களின் தளம்பல். மன்னாரில் 2012/13இல் 20.1 வீதமாக இருந்த வறுமை 2016இல் 1.0 வீதமாகக் காட்டப்பட்டது. அதே காலத்தில் கிளிநொச்சி 12.7 வீதத்திலிருந்து 18.2 வீதத்துக்கு ஏறியது. மூன்றரை ஆண்டுகளில் ஒரு மாவட்டம் அப்படித் தலைகீழாக மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. நாடு முழுவதற்கும் 25,000 வீட்டு அலகுகள் மாதிரியாக எடுக்கப்படும்போது ஒரு சிறிய மாவட்டத்துக்குக் கிடைக்கும் வீடுகள் சில நூறுதான்; கோட்டுக்கு மிக அருகில் பல குடும்பங்கள் கூடி நிற்கும் இடத்தில் சிறு அசைவும் எண்ணைப் புரட்டிவிடும். நெருக்கடிக்குப் பின்னான உலக வங்கியின் மதிப்பீடு, 2021இல் 13 வீதமளவில் இருந்த வறுமை 2022இல் 25 வீதமளவுக்கு இருமடங்கானது என்கிறது. அது வீடு வீடாக எண்ணியதன்று, பழைய தரவின்மேல் விலையையும் வேலையையும் ஏற்றிச் செய்த கணிப்பு என்பதைச் சொல்லிக்கொண்டுதான் அதை எடுத்தாள வேண்டும். இருமடங்கு என்ற திசையில் எனக்கு ஐயமில்லை.

பெண்களின் உழைப்பைப் பற்றிக் கேள்வியில் ஒரு சொல்லும் இல்லை, ஆனாலும் பதிலில் அதற்கு இடமுண்டு. உங்கள் தாயார் சம்பளமின்றிச் செய்த சமையல், ஆட்டுக்கும் கோழிக்குமான பராமரிப்பு, பிள்ளைகளின் படிப்புக்கு இருந்த காவல் ஆகியவை எந்த அளவீட்டிலும் பதியவில்லை. உங்கள் மனைவி உத்தியோகத்துக்குப் போனதும் அவருடைய சம்பளம் முழுவதும் வருமான உயர்வாகப் பதிந்தது, பிள்ளைக் காப்பகத்துக்கும் முச்சக்கர வண்டிக்கும் ரியூசனுக்கும் போகும் காசு அதிலிருந்து கழிக்கப்படவில்லை. இரண்டு சம்பளம் ஒரு சம்பளத்தின் இரு மடங்கு வாழ்க்கையைத் தராததன் ஒரு காரணம் இதுதான். அதே நேரத்தில் நாட்டில் உழைக்கும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவரளவே தொழிற்படையில் இருக்கிறார் என்பதையும், போரில் கணவனை இழந்தோ காணாமற்போகக் கொடுத்தோ தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் எங்கள் மாகாணத்தில் மிகப் பலர் என்பதையும் பக்கத்தில் வைத்தால், இரண்டு நிரந்தரச் சம்பளம் வரும் உங்கள் வீடு இங்கே வரிசையின் மேற்பாதியில்தான் நிற்கிறது.

வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. நாட்டின் முன்னணி மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றாக இருந்த மயிலிட்டி 2017 ஜூலையிலேயே மக்களிடம் திரும்பியது. இருபத்தேழு ஆண்டுகள் கோணப்புலம் போன்ற முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் கூலிக்குப் போன அந்தக் குடும்பங்கள் இழந்தது ஒரு மாத வருமானமன்று, ஒரு தலைமுறை சேர்த்திருக்கக்கூடிய படகும் வலையும் வீடும் படிப்பும். திரும்பி வந்த பின் அவர்களுடைய மாத வருமானம் பக்கத்து ஊருக்கு இணையாகப் பதிந்தாலும் அந்த இழப்பு அந்த எண்ணுக்குள் வராது.

அடுத்த அளவீட்டின் மாவட்ட அட்டவணைகள் வெளிவரும்போது முதலில் யாழ்ப்பாணத்தின் இடையத்தைப் பாருங்கள், சராசரியைப் பிறகு பாருங்கள். அடுத்து வருமான மூலங்கள் என்ற அட்டவணைக்குப் போய், சம்பளமும் கூலியும் எவ்வளவு, வெளிநாட்டிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் வந்த பணமாற்றம் எவ்வளவு, காசாக வராத வருமானம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பணமாற்றத்தின் பங்கு ஏறிச் சம்பளத்தின் பங்கு இறங்கியிருந்தால், ஜினி குணகம் அசையாமல் நின்றாலும் மேலே நான் சொன்ன இடைவெளி அகன்றிருக்கிறது என்று கொள்ளலாம். மாறாக இருந்தால் என் கணிப்பை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்வேன். உங்கள் தந்தையின் பழைய சம்பளத் துண்டும் வீட்டுக் கணக்குக் கொப்பியும் வீட்டில் எங்காவது இருந்தால் அவற்றை எறிந்துவிடாதீர்கள். மேசன் கூலி, சீமெந்துப் பை, கொத்து அரிசி என்று அன்றன்று எழுதிய கணக்குகள், அளவீடு எட்டாத எங்கள் ஆண்டுகளுக்கு இன்று மிஞ்சியிருக்கும் சில தரவுகளில் அடங்கும்.